நெடுந்தீவுக்கு ஒரு போத்தல் பீலித் தண்ணீர்

வடக்கே போனால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பது எங்கள் தோட்டத்தில் எல்லோரும் உறுதியாகச் சொல்லும் செய்தி; அப்படிச் சொல்பவர்களில் வடக்குக்குப் போய் வந்தவர்கள் மிகச் சிலரே என்பது வேறு விடயம். ஆகஸ்ட் விடுமுறையில் யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பார்த்து வர அப்பாவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்ட அன்று, அவர் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே மலைநீர் விழும் பீலிக்குப் போய் ஐந்து லீற்றர் போத்தல் ஒன்றை விளிம்பு வரை நிரப்பி, மூடியின் மேல் பொலித்தீன் சுற்றிக் கட்டி, பயணம் முழுவதும் யாரிடமும் கொடுக்காமல் தம் மடியிலேயே வைத்துக்கொண்டார். முப்பத்தெட்டு ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். பைக்குள் அரைக் கிலோ பி.ஓ.பி. ரகத் தேயிலைத் தூளும் இருந்தது. யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அவருடைய கொள்கை. தேயிலையை விட்டால் கொண்டுபோக நம்மிடம் வேறு என்ன இருக்கிறது என்பது அவருடைய கேள்வி.

ஹட்டனில் அன்று விடாத மழை. தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் மலைகளின் மேற்குச் சரிவில் முட்டிக் கொட்டும் மாதங்கள் அவை. எங்களுக்கு அடுத்துள்ள வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. கண்டிக்கு இறங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணம் செல்லும் இரவுப் பேருந்தில் ஏறியபோது, எங்களுக்குப் பதிவு செய்து தந்த இரண்டு ஆசனங்களில் ஒன்றை வேறொருவருக்கும் கொடுத்திருந்தார்கள் என்பது தெரிந்தது. அப்பாவை உட்கார வைத்துவிட்டு தம்புள்ளை வரை நான் நின்றேன். கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியில் 321 கிலோமீற்றர். வவுனியாவைக் கடக்கும் முன்பே குடையின் ஈரம் முழுவதும் காய்ந்துவிட்டது. ஆனையிறவில் கண்விழித்தபோது இருபுறமும் வெள்ளைத் தட்டாகத் தண்ணீரும் உப்பும் பரந்து கிடந்தன. மேடு என்று சொல்ல ஒரு வரப்புக்கூட இல்லாத அந்த நிலத்தைப் பார்த்து, “இங்க மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?” என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று நாட்களும் அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நாங்கள் தீவு தீவாகப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த நண்பர் வேலணையைச் சேர்ந்தவர். அவர் வீட்டில்தான் தங்கினோம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியாகக் கடலின் நடுவே சென்றால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை. வேலணையிலிருந்து இன்னொரு கடல்வழிச் சாலை புங்குடுதீவுக்கு. புங்குடுதீவின் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. சாலை அத்துடன் முடிகிறது. நயினாதீவும் நெடுந்தீவும் அதற்கு அப்பால் படகில் மட்டுமே செல்லக்கூடியவை. அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்கும் படகுதான். காரைநகருக்குத் தரைவழி உண்டு. வரைபடத்தில் பார்த்தால் குடாநாட்டின் மேற்கு ஓரத்தை யாரோ கையால் பிய்த்துக் கடலில் தூவியது போலிருக்கும்.

இந்தத் தீவுகளின் பெயர்களில் எனக்கு ஒரு தனி ஈடுபாடு இருந்தது. காரணம், எங்கள் மலைநாட்டில் பிறந்தவர்களின் முகவரியில் பெரும்பாலும் ஒரு ஸ்கொட்லாந்துப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளென்லயன், பல்மோரல், டன்சினன் என்று, கண்ணால் காணாத ஓர் ஊரின் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் எங்கள் ஊரைச் சொல்கிறோம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர்களும் இதே வேலையைத் தீவுகளில் செய்திருக்கிறார்கள். காரைதீவை அம்ஸ்டர்டாம் என்றும், வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவை லெய்டன் என்றும், புங்குடுதீவை மிடில்பர்க் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், அனலைதீவை ரொட்டர்டாம் என்றும் தங்கள் ஊர்ப்பெயர்களால் அழைத்தார்கள். அவற்றில் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டுமே இன்றும் ஆங்கிலக் கடிதங்களில் நிலைத்திருக்கிறது. மற்றவற்றை மக்கள் உதறிவிட்டார்கள். உதறுவதற்கு அவர்களிடம் தங்கள் சொந்தப் பெயர் ஒன்று முன்பே இருந்தது. காடு வெட்டித் தோட்டம் போட்ட இடத்தில் எங்கள் முன்னோர்களுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. ஆனாலும் எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. பல தோட்டங்களுக்குத் துரைமாருக்குத் தெரியாத ஒரு தமிழ்ப் பெயர் லயத்துக்குள் வழங்குகிறது.

ஊர்காவற்றுறையில் அதிக நேரம் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் அதைக் கயிட்ஸ் என்பது, துறைமேடை என்னும் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. கரையிலிருந்து பார்த்தால் நீருக்கு நடுவே ஹம்மன்ஹீல் என்னும் கடற்கோட்டை தெரிகிறது. இலங்கையின் வடிவம் பன்றித்தொடை போலிருப்பதாகவும், கோட்டை நிற்கும் இடம் அதன் குதிப்பகுதி என்றும் ஒல்லாந்தர் கருதியதால் வந்த பெயராம். மாங்காய் என்றும் முத்து என்றும் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இது கொஞ்சம் சங்கடமான உவமைதான்.

நயினாதீவுக்கு மறுநாள் காலையில் சென்றோம். குறிகட்டுவானிலிருந்து படகில் இருபது நிமிடத்துக்குள் கரை வந்துவிடுகிறது. ஒரு துறையில் இறங்கினால் நாகபூசணி அம்மன் கோயில், மற்றொரு துறையில் இறங்கினால் நாக விகாரை. புத்தர் வந்து நாக அரசர்களின் பிணக்கைத் தீர்த்த இடம் என்று மகாவம்சம் சொல்லும் நாகதீபம் இதுவே என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் இதுவே என்று கருதுவோரும் உண்டு. ஆகவே படகில் திருநீற்று நெற்றிகளும் வெள்ளைச் சேலைகளும் அருகருகே அமர்ந்திருந்தன. ஹட்டனிலிருந்து சிவனொளிபாதமலைக்குப் பருவகாலத்தில் போகும் பேருந்துகளைப் பார்த்துப் பழகிய அப்பாவுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

எனக்கு வியப்பளித்தது கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, அதாவது பராக்கிரம சமுத்திரத்தைக் கட்டிய அதே மன்னன், தமிழில் பொறித்து வைத்த கட்டளை அது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து வெளியிட்டிருக்கிறார். ஊறாத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளுக்கு, அதாவது பிறநாட்டாருக்கு, பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு, யானையும் குதிரையும் கொண்டு வரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேர வேண்டும் என்றும், வணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் ஆளுக்குப் பாதி என்றும் அது விதிக்கிறது. குதிரை வியாபாரியை மன்னன் ஏன் இவ்வளவு அன்பாக நடத்துகிறான் என்று யோசித்தேன். குதிரை நமக்கு வேண்டும். அவன் நட்டப்பட்டு வராமல் போனால் இழப்பு நமக்கு. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கணக்கு தெளிவாகப் புரிகிறது. கடலில் வருகிறவர்களோடு பேசத் தமிழே வேண்டும் என்பதும் அந்த மன்னனுக்குப் புரிந்திருந்தது.

மூன்றாம் நாள் நெடுந்தீவு. அது ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஆகஸ்டில் சோளகக் காற்று வீசுவதால் கடல் அமைதியாக இருக்காது என்று நண்பரின் அம்மா முதல்நாளே எச்சரித்திருந்தார். எங்கள் மலைக்கு மழையைக் கொண்டுவந்து கொட்டும் அதே தென்மேற்குக் காற்று, மழையையெல்லாம் எங்களிடம் இறக்கிவிட்டு, இங்கே வெறுங்காற்றாக வந்து படகை ஆட்டுகிறது. குறிகட்டுவானில் மக்களுக்கு முன்பாகச் சாமான்கள் ஏறின: அரிசி மூட்டைகள், எரிவாயுச் சிலிண்டர்கள், சீமெந்துப் பைகள், கால் கட்டிய இரண்டு சேவல்கள், ஒரு பிளாஸ்டிக் கதிரைக் கட்டு. தீவில் உண்டாகாத அனைத்தும் இப்படித்தான் போக வேண்டும். எங்கள் ஐந்து லீற்றர் போத்தலைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அங்கே தண்ணீர் சுமந்து போவது இயல்பான காரியம்.

இந்தப் படகுப் பாதையில் குமுதினி என்ற பெயரைச் சொல்லாமல் போக முடியாது. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணம் செய்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் தீவில் நினைவேந்தல் நடக்கிறது. நண்பர் அதைச் சொன்னபோது குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

நடுவழியில் அப்பா மேற்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இது பாக்கு நீரிணை. அவருடைய பாட்டனார் தோட்ட வேலைக்காக இந்தியாவின் மண்டபம் முகாமிலிருந்து கடந்து வந்த அதே கடல், சற்றுத் தெற்கே. அவருடைய அக்கா 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி இதே கடலைத் திரும்பக் கடந்து போனார். இப்போது தமிழ்நாட்டுக் கூடலூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் எங்கள் மலையக மக்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை அங்கும் மூன்று இலட்சம் பேரை இங்கும் என்று பிரித்துவிட்டு, ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டு வைத்தது. அந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதே ஆண்டில் அதே இருவரும் கச்சதீவின் எல்லையையும் தீர்த்தார்கள். நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் கிடக்கும், குடிகளே இல்லாத, 285 ஏக்கர் மட்டுமே கொண்ட அந்தத் தீவைப் பற்றி இன்றுவரை இரு கரையிலும் பேசி ஓயவில்லை. பங்கிடப்பட்ட மனிதர்களைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை என்பது என் மனத்தாங்கல்; அதைப் படகில் வைத்து யாரிடமும் சொல்லவில்லை.

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். கரையேறி முதலில் கண்ணில் படுவது கல்வேலி. தீவு முழுவதும், வீட்டைச் சுற்றி, வளவைச் சுற்றி, பனந்தோப்பைச் சுற்றி, வெறுங்காணியைச் சுற்றி, இடுப்பளவும் நெஞ்சளவும் உயர்ந்த முருகைக்கல் வேலிகள் ஓடுகின்றன. சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லின் மேல் கல்லைப் பொருத்தி அடுக்கியதுதான். அருகே குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு கோலம் தெரிகிறது: ஒன்றில் தேன்கூட்டுக் கண்கள், ஒன்றில் மூளையின் மடிப்புகள், ஒன்றில் சிறு பூக்களை வரிசையாக அச்சிட்டது போன்ற அடையாளம். எல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் உயிரோடிருந்த பவளம். கற்களுக்கிடையே வெளிச்சம் தெரிகிறது. காற்று வேலியை மோதித் தள்ளாமல் நூறு துளைகளின் வழியே விசில் அடித்துக்கொண்டு கடந்துவிடுகிறது. ஓரிடத்தில் சரிந்து கிடந்த நான்கைந்து கற்களை அப்பா எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பெரியதின் பள்ளத்தில் சிறியதின் முனையைச் செருகி அடுக்கத் தொடங்கிவிட்டார். தேயிலை மலையில் மண் சரியாமலிருக்கக் கட்டும் கல்லுக்கட்டும் சாந்தில்லாத கட்டுத்தான். அவருடைய தகப்பனார் அந்த வேலையில் பேர் பெற்றவராம்.

அங்கே எங்களுக்காகக் காத்திருந்தவர் நண்பரின் பெரியப்பா. எண்பதைக் கடந்தவர். அப்பாவின் கைவேலையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “தம்பிக்கு வேலி அடைக்கத் தெரியுது” என்றார்.

“இந்த வேலியெல்லாம் யாருக்குச் சொந்தம்ங்க?” என்று அப்பா கேட்டார்.

“ஆற்ற வேலி ஆருக்கு? அவரவருக்குத்தான். இது எங்கட அப்புவின்ர அப்பு கட்டினது. அங்கால கிடக்கிறது மச்சான்ர காணி, அவர் கனடாவில.”

அப்பா கையிலிருந்த கல்லை வைத்துவிட்டு, வேலியின் நீளத்தை அந்தக் கோடி வரை பார்த்தார். சொந்தக் காணி இல்லாத எங்களிடம், வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தருகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறார்கள். அவர் எதை நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

முச்சக்கரவண்டி ஒன்றில் தீவைச் சுற்றினோம். ஒல்லாந்தர் கோட்டை என்று சொல்லப்படும் இரண்டு மாடி இடிபாடும் அதே முருகைக்கல்தான். தூதுப் புறாக்களை வளர்த்த கூடு, சதுரச் சதுரப் பொந்துகளோடு பழைய மருத்துவமனை வளவில் நிற்கிறது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்குமரம் ஒன்று வயிற்றில் ஆள் நுழையும் குகையோடு நிற்கிறது. அரபு வணிகர்கள் கொண்டு வந்தது என்கிறார்கள். உள்ளே நுழைந்து நின்றால் குளிர்கிறது. படம் எடுக்க வரிசை இருந்ததால் வெளியே வந்துவிட்டோம். ‘வளரும் கல்’ என்று ஒன்றையும் காட்டினார்கள். எனக்கு அது வளர்ந்ததாகத் தெரியவில்லை.

மட்டக்குதிரைகளை மட்டும் அவசரப்படாமல் பார்த்தோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை. ஆட்சிகள் போன பின் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் தாமாகப் பெருகிக் கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. தீவின் தெற்கே மரமில்லாத வெட்டவெளியில் பதினைந்து இருபது நின்றன. நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலில் நான் பார்த்த மினுமினுக்கும் குதிரைகளின் சாயலே இல்லை. விலா எலும்பு எண்ணலாம். பிடரிமயிரில் முட்செடி சிக்கியிருந்தது. வற்றிய குட்டையின் நடுவில் கைப்பிடி அளவே எஞ்சியிருந்த கலங்கல் நீரில் ஒரு தாய்க்குதிரை மூக்கை வைத்து உறிஞ்சிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, குட்டி வந்து வாய் வைத்தது. பிறகு இன்னொன்று. அடித்துக்கொள்ளவில்லை. கடும் வறட்சி ஆண்டுகளில் தண்ணீரின்றி இவை செத்து விழுந்த செய்திகள் வந்திருக்கின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பால் குட்டையில் தண்ணீர் ஊறாது.

பெரியப்பாவின் வளவுக் கிணற்றடியில்தான் அப்பாவின் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது. இங்கே மழைநீர் எந்தப் பக்கமும் ஓடுவதில்லை. சுண்ணாம்புக்கல்லின் துளைகள் வழியே நேரே கீழே இறங்கிவிடுகிறது. கீழே ஏற்கெனவே கடல் ஊறிக் கிடக்கிறது. நன்னீர் உப்புநீரைவிடக் கனம் குறைந்தது என்பதால் அதன் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நீரியல் கணக்கு. அதாவது மேலே ஓர் அடியை இறைத்து முடித்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். மோட்டர் பூட்டிப் பேராசையாக இறைத்தவர்களின் கிணறுகள் இப்படித்தான் உவராகிப் போகின்றன. பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. கையால் இறைக்கும் துலா இருந்த காலத்தில் கிணறு நல்லாயிருந்தது என்று ஒரே வரியில் சொல்லி முடித்தார். ஐப்பசியில் வாடை மழை தொடங்கும் வரை இந்தக் கிணறு தாங்கும் என்றும், வைகாசியில் ஒரு ருசி, ஆவணியில் ஒரு ருசி என்றும் சொன்னார். வாளியிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். உப்பு என்று சொல்ல முடியாது. நாக்கின் பின்புறத்தில் ஏதோ தங்கியது.

பெரியம்மா அந்தத் தண்ணீரில் எங்களுக்குத் தேநீர் ஊற்றித் தந்தார், பனங்கட்டித் துண்டு ஒன்றோடு. அப்பா கோப்பையைக் கையில் வாங்கி, தொழிற்சாலைப் பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். சிவப்பு ஏறவில்லை, செம்மண் கலங்கியது போல ஒரு மங்கல் நிறம். மேலே மெல்லிய ஆடை படிந்து, சாய்க்கும்போது கோப்பையின் ஓரத்தில் கோடு கோடாக உடைந்து ஒட்டியது. சுண்ணாம்பு கரைந்த கடினநீர் தேயிலையின் சாற்றோடு சேரும்போது உண்டாகும் ஆடை அது. அப்பா ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டு, பையைத் திறந்து தூள் பொட்டலத்தை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தார். பிறகு, சற்றுத் தயங்கி, போத்தலையும் எடுத்து நிலத்தில் வைத்தார். மூன்று நாளில் பாதிக்கு மேல் குடித்திருந்தோம்.

“உதென்ன தம்பி, போத்தலுக்குள்ள?”

“எங்க லயத்துப் பீலித் தண்ணிங்க. கருங்கல்லு மலையில இருந்து வர்றது. இந்தத் தூளு இந்தத் தண்ணியிலதான் தூக்கிக் குடுக்கும். ஒருக்கா ஊத்தித் தரட்டுங்களா?”

அடுப்படிக்குப் போய் அவரே கொதிக்க வைத்தார். தண்ணீர் குமிழ் விடும் வரை பொறுத்திருந்து, தூளின் மேல் ஊற்றி, மூடி வைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டு நின்றார். வடித்தபோது கோப்பையில் விழுந்த நிறத்தை எனக்குச் சொல்லத் தெரியும்: மழை விட்ட மாலையில் எங்கள் மலை முகட்டுக்குப் பின்னால் சில நிமிடங்கள் நிற்கும் அந்தச் செம்பொன். ஆடை இல்லை, மங்கல் இல்லை. அடியில் கோப்பையின் கீறல் தெரிந்தது. அப்பா இரண்டு கைகளாலும் அதைப் பெரியப்பாவிடம் நீட்டினார்.

பெரியப்பா ஒரு வாய் குடித்தார். வேலிப் பக்கம் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். முப்பத்தெட்டு வருடத் தொழிற்சாலைக்காரர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“தேயிலை திறம்தான், தம்பி,” என்றார் பெரியப்பா. “ஆனா உங்கட தண்ணி சப்பெண்டு கிடக்கு. ஒரு ருசியும் இல்ல.”

பெரியம்மா அவரை முறைத்தார். அப்பா ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு, நான் பல மாதங்களாகக் கேட்டிராத அளவுக்கு உரக்கச் சிரித்தார். மீதியிருந்த பீலித் தண்ணீரைப் பெரியம்மா வாசல் துளசிக்கு ஊற்றினார். காலியான போத்தலைக் கழுவி, கிணற்றில் ஒரு வாளி இறைத்து, ஆவணி மாதத்து நெடுந்தீவுத் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, மூடியின் மேல் பொலித்தீன் சுற்றிக் கட்டிக்கொண்டார் அப்பா. லயத்தில் எல்லோருக்கும் ஒரு மிடறு கொடுத்துப் பார்க்க வேண்டுமாம்.